காசநோய் இல்லை என்றுதான் எழுதியிருந்தது

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்களில், பதுளையில் ஒரு சிறிய கிளினிக்கில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். டாக்டர்கள் ஆங்கிலத்தில் எழுதும் குறிப்புகளைப் படித்து, யாருக்கு என்ன நோய் என்று பட்டியலிடும் நிரல் ஒன்றை எழுதினேன். நோயின் பெயர் எங்கே இருந்தாலும் அது பொறுக்கிக்கொள்ளும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

முதலில் வந்த காசநோய்ப் பட்டியலைச் சரிபார்க்காமல் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பிவிட்டேன். அதில் லுணுகலைப் பக்கத்து அம்மா ஒருவரின் பெயரும் இருந்தது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பிள்ளைமடுவத்தில் பார்த்துக்கொள்பவர். இருமலுக்கு எங்களிடம் மருந்தெடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் யாழ்ப்பாணத்து டாக்டர் பட்டியலோடு வந்து நின்றார்.

"காசநோய் இல்லை எண்டுதானே நான் எழுதினனான். உம்மட கம்ப்யூட்டர் 'இல்லை'யை வாசிக்கேல்லையோ?"

 அன்றே நிரலைத் திருத்தத் தொடங்கினேன். மறுப்புச் சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். 'காய்ச்சல் இல்லை, ஆனால் இருமல் உண்டு' என்றால் அந்த 'இல்லை' எதுவரை செல்லும் என்று நிரலுக்குப் புரியவைக்கவே பல நாள் ஆனது. வேலை ருசித்தது. தோட்டத்துக்கு ஒரு திருத்தக் கடிதம் போட்டதோடு அந்த அம்மாவை மறந்துபோனேன்.

மூன்று மாதமாக அவர் மருந்துக்கு வரவில்லை என்பதைக் கவனித்த பிறகுதான் தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த அவருடைய லயத்துக்குப் போனேன். பட்டியல் கிடைத்ததும், தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் தாய்மாருக்கு முன்னாலேயே அவரிடம் நோயைப் பற்றி விசாரித்தாராம். மறுநாள் ஒருவரும் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. வேலை போய்விட்டது.

"டீபி இல்லன்னு கடுதாசி வந்துச்சேம்மா?"

"வந்துச்சு தம்பி. டிஸ்பென்சர் ஐயா என்கிட்ட படிச்சுக் காட்டுனாரு. மத்தவங்களுக்கு யாரு சொன்னா?"

"நான் இப்பவே வீடு வீடாப் போய்ச் சொல்றேன்."

"வேணாம் தம்பி. இப்பத்தான் வாசல்ல நின்னு ரெண்டு வார்த்த பேசுறாங்க. திரும்ப அந்தப் பேரச் சொன்னீங்கன்னா, அதுதான் அவங்க காதுல நிக்கும்."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்காமலேயே எழுந்து வந்தேன்.

தவறு தெரிந்த முதல் வாரமே போய் அந்தத் தாய்மாரிடம், தவறு என்னுடையது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அடுத்த வருடம் அவர் வெலிமடையில் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே உருளைக்கிழங்குத் தோட்டத்தில் கூலிக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன்.