லோர்னாவின் பென்சில் அட்டைகள்

காலைச் சவாரி முடிந்ததும் பள்ளிப் பேருந்தை எங்கள் நூலகத்தின் பின்பக்கம் நிறுத்திவிட்டு, காலணியில் ஒட்டிய பனியை மிதியடியில் மூன்று முறை தட்டிவிட்டுத்தான் லோர்னா மாக்கி உள்ளே வருகிறார். நேராகச் சுயமுன்னேற்றப் புத்தக அலமாரி. ஒன்றை உருவிக் கடைசிப் பக்கங்களை முதலில் புரட்டுகிறார். "பயிற்சி இருக்கான்னு பாக்கறேன் கண்ணு. வெறும் பேச்சுதான்னா எனக்கு ரேடியோ போதும்."

வயது ஐம்பத்தெட்டு. எங்கள் துறைமுக ஊரான துலூத்தின் செங்குத்துத் தெருக்களில் இருபத்திரண்டு வருடமாக மஞ்சள் பேருந்து ஓட்டுகிறார். காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் இடையே ஐந்து மணி நேரம். அந்த நேரத்துக்கு ஹீட்டர் பக்கத்து நாற்காலி அவருடையது. வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால், எதிரே நின்று மெதுவாகக் கையுறையைக் கழற்றுவார். இதுவரை எழுந்திருக்காதவர் எவருமில்லை.

ஒரு புத்தகத்துக்கு ஓர் அட்டை. விமரிசனத்தையும் நட்சத்திரத்தையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். புத்தகம் சொன்னதை ஒரு மாதம் செய்து பார்த்த பிறகு, எழுதியது உண்மைதான் என்றால் அதே எழுத்துகளின் மேல் பேனாவை ஓட்டுவார். பேனா ஏறிய அட்டையை, நூலகத்தில் வேலை பார்க்கும் நான், லேமினேட் செய்து அலமாரி விளிம்பில் மாட்டுவேன்.

"நாலு மணிக்கு எழச் சொல்கிறது. எழுந்தேன். பூனைக்குச் சாப்பாடு சீக்கிரம் கிடைத்தது. வேறு மாற்றமில்லை. இரண்டு நட்சத்திரம்."

"கண்ணாடியைப் பார்த்து உன்னையே புகழ்ந்துகொள் என்கிறது. பேருந்துக் கண்ணாடியில் செய்தேன். பின்னால் நாற்பது பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். ஒரு வாரமாக எனக்குப் பெயர் மகாராணி. நான்கு நட்சத்திரம்."

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நேர்காணலில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் கேட்க முடியவில்லை. இந்த அலமாரியிடம் கேட்டேன். வரிவரியாக மஞ்சள் கோடு போட்டேன். ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் திறந்தேன். அப்படிக் கோடு போட்ட என் சொந்தப் பிரதி ஒன்றை ஒருநாள் லோர்னா புரட்டிப் பார்த்தார்.

"முழுக்க மஞ்சளா அடிச்சிருக்க. செஞ்சியா?"

"நேரமே கெடைக்கல."

"என் பஸ்ஸும் மஞ்சள்தான். ஆனா அது நகரும்."



ஜனவரியில், மன்னிப்புக் கேட்பது பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்தார். கவுன்ட்டரில் அவர் மறந்து வைத்துப்போன அட்டை இது: "பதினொரு வருடம் பேசாத தங்கைக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். 'ஆனால்' என்ற சொல்லை மட்டும் சேர்க்கவில்லை. பலிக்கிறது. ஐந்து நட்சத்திரம்." படித்த வேகத்தில், பென்சிலா பேனாவா என்று பார்க்காமல் லேமினேட் செய்து மாட்டிவிட்டேன்.

மறுநாள் லோர்னா அதன் முன் நெடுநேரம் நின்றார். "நல்லாத்தான் ஒட்டியிருக்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அதன்பின் இரண்டு வாரம் புதுப் புத்தகம் எதையும் உருவவில்லை.

ஒரு வியாழக்கிழமை கேரி லிண்ட்க்விஸ்ட் வந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உரத்த குரல்.

"ஏ டிரைவரம்மா! உன் அட்டையப் பாத்துட்டுதான் என் பையனுக்குப் போன் போட்டேன். ஆறு வருஷம் கழிச்சு! அந்த 'ஆனா'வ மட்டும் முழுங்கறதுக்குள்ள உயிரே போயிருச்சு. ஞாயித்துக்கிழம சாப்பிட வர்றான்!"

"ரொம்ப சந்தோஷம் கேரி. கறிய மட்டும் கருக விட்டுறாத."

"ஆமா, உன் தங்கச்சி என்ன சொன்னா?"

லோர்னா குனிந்து காலணிக் கயிற்றை இறுக்கினார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. கேரி பதிலுக்குக் காத்திராமல் மகனுக்குப் பிடித்த பலகாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போய்விட்டார்.

லோர்னா கவுன்ட்டருக்கு வந்தார். "நான் இன்னும் போன் பண்ணல."

நான் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தேன்.

"நடந்த மாதிரியே எழுதி வச்சா நடந்துரும்னு ஒரு புத்தகம் சொல்லுச்சு. அதுக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் போட்டேன். கடைசில அதையே செஞ்சிருக்கேன் பாரு."

தங்கை ஐலீன் ஃபார்கோ நகரில் இருக்கிறாளாம். அப்பா தன் கையால் கட்டிய சவுனாவை, அந்தச் சின்ன மரக் குளியல் அறையை, தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இடித்துத் தன் வண்டி நிறுத்த இடம் செய்தவர் லோர்னா.

"தப்பு என்னோடது. பென்சில்னு பாக்காம ஒட்டிட்டேன். இப்பவே எடுத்துடறேன்."

"நீ ஒட்டுனது ஒரு நாள் தப்பு. மிச்ச நாளெல்லாம் வாயத் தெறக்காதது நான். எடுத்துட்டா? கேரியோட பையன் ஞாயித்துக்கிழம வர்றானே, அத எப்படி எடுப்ப?"

அவரே போய் அட்டையைக் கழற்றினார். பென்சிலைத் திருப்பி, பின்முனை ரப்பரால் இரண்டு முறை தேய்த்தார். பிளாஸ்டிக் பளபளத்தது, எழுத்து அப்படியே இருந்தது. மாலைச் சவாரிக்கு இன்னும் இருபது நிமிடம். அட்டையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

பின்ஜன்னல் வழியே பார்த்தேன். ஓட்டுநர் இருக்கையில் லோர்னா, எதிரே கண்ணாடியில் சாய்த்து வைத்த அட்டை, காதில் போன். உதடு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. அந்த நேரம் பார்த்துப் பனி வாரும் வண்டி ஒன்று கடகடவென்று எங்கள் வளாகத்துக்குள் நுழைந்தது. காதிலிருந்து போனை எடுக்காமலே லோர்னா இன்னொரு கையை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினார். ஒரு பிள்ளைகூட இல்லாத பேருந்தின் பக்கவாட்டில், பிள்ளைகள் இறங்கும்போது மற்ற வண்டிகளை நிற்க வைக்கும் 'நில்' என்ற சிவப்புப் பலகை விளக்கு மின்ன விரிந்து நின்றது. பனி வாரும் வண்டியும் நின்றது.