எழுநூறு ஃபைல்களுக்கு ஒரே வரி

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊர் கே.கே. நகரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது, டைப் தெரிந்தவள் என்று என்னையே அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். ஒரு வருடத்தில் எழுநூறு நோயாளிகளின் விவரங்களை ஆளுக்கொரு ஃபைலாக அடித்து வைத்தேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் நோயாளியின் எண்தான் பெயர். கடைசியில் ஒரு புள்ளியும் TXT என்ற எழுத்துகளும்.

பிறகு புது புரோகிராம் ஒன்று வாங்கினார்கள். அது DAT என்று முடியும் ஃபைல்களை மட்டுமே திறந்தது. விற்ற கம்பெனியின் ஆள் மெட்ராஸிலிருந்து வரப் பத்து நாள் ஆகுமாம். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. அன்று மற்ற வேலைகளுக்கு நடுவே இருபதுதான் முடிந்தது. அதிலும் பயத்தில் பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதுப் பெயரில் நகல்தான் எடுத்திருந்தேன்.

கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். "இன்னும் எம்புட்டு இருக்கு?"

"அறுநூத்தி எண்பது இருக்குண்ணே."

"விட்டுரும்மா. மெட்ராஸ்காரன் வந்து பாக்கட்டும். ஏதாச்சும் கெட்டுப்போனா உன் தலையிலதான் விழும்."

எனக்குச் சுருக்கென்றது. அத்தனையும் நான் அடித்தவை. கம்ப்யூட்டரோடு வந்த தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைச் செல்லூரில் இருந்த என் வீட்டுக்கு எடுத்துப்போனேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில், மடியில் அகராதியோடு இரண்டு நாள் படித்தேன். பெயர் வரவேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறி போட்டால், 'எந்தப் பெயரானாலும்' என்று அர்த்தம். ஒரே வரியில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்.

முதலில் எல்லா ஃபைல்களையும் ஃபிளாப்பிகளில் இரண்டு தரம் நகல் எடுத்தேன். பிறகு டாக்டரம்மாவிடம் போனேன்.

"சரியா வரும்னு தெரியுமா?" என்றார்.

"வரும் டாக்டர். வராட்டியும் எதுவும் போயிராது."

திரும்பி வந்து, பெயர் மாற்றும் கட்டளையை அடித்தேன்: REN *.TXT *.DAT. எண்டரைத் தட்டியதும், அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கலாம் என்று திரையில் ஒரு வரி வந்தது. ஒன்றுகூட மாறவில்லை. கம்பவுண்டர் பின்னால் நிற்பது தெரிந்தது, நான் திரும்பவில்லை. புத்தகத்தை மறுபடி புரட்டினேன். முதல் நாள் நான் எடுத்த இருபது நகல்கள்தான் வழியை மறித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் எண் பார்த்து அழித்தேன். அதே வரியை மறுபடி அடித்தேன். இந்த முறை கம்ப்யூட்டர் பெட்டியின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கர்சர் திரும்பி வந்தது. கம்ப்யூட்டரிடம் ஃபைல்களின் பட்டியலைக் கேட்டேன். எழுநூறும் DAT.

கம்பவுண்டர் கையிலிருந்த சீட்டை வாங்கினேன். டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு சர்க்கரை நோயாளியின் எண். புது புரோகிராமில் அடித்ததும் அவருடைய விவரம் முழுசாக விரிந்தது.

"சரிதான்," என்றார் கம்பவுண்டர்.

அடுத்த வாரம் மெட்ராஸ்காரர் வந்தார். பட்டியலைப் பார்த்துவிட்டு, "யார் மாத்தினது?" என்று கேட்டார். டாக்டரம்மா என்னைக் காட்டினார்.

"நகல் எடுத்து வச்சீங்களா?"

"ரெண்டு," என்றேன்.