திம்பம் வளைவில் ஒரு ரிவர்ஸ்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சத்தியமங்கலத்தைத் தாண்டித் திம்பம் மலைப்பாதையில் நடந்தது இது. ஆனால் உங்களை அந்த வளைவுக்குக் கூட்டிப்போவதற்கு முன்னால் என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அவர் ராணுவத்தில் லாரி ஓட்டும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கருமத்தம்பட்டியில் எங்கள் வீடு. பென்ஷன் வருகிறது, விசைத்தறிக் குடோன் ஒன்றில் மேற்பார்வையும் பார்க்கிறார். தங்கமான மனிதர்தான், ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. யாராவது வண்டியை ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் நின்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நம் ஊரில் ரிவர்ஸ் எடுக்கிற வண்டிக்கு வழி சொல்ல யாரையும் கூப்பிடவே வேண்டியதில்லை. டீக்கடையில் நிற்கிறவர்கூட கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டே, "வரட்டும், வரட்டும், லேசா ஒடிங்க" என்று ஆரம்பித்துவிடுவார். இவரோ விருட்டென்று வீட்டுக்குள் போய்விடுவார்.

என் அண்ணன் புதுக் கார் வாங்கி முதல் முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் அப்படித்தான். "மாப்ள, கொஞ்சம் பின்னால பாத்துச் சொல்லுங்க" என்று அண்ணன் வாய்விட்டுக் கேட்டார். இவர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். கார் கேட் தூணில் உரசி, கதவில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டை அண்ணன் சரி செய்யவே இல்லை. வரும்போதெல்லாம் எனக்குக் காட்டுவதற்காகத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். மிலிட்டரிக்காரருக்கு மண்டைக்கனம் என்று சொந்தத்தில் பேச்சாகிவிட்டது. எனக்கு அவமானம் தாங்கவில்லை.

இதற்கிடையில் அவருக்குத் தூக்கம் கெட்டது. தூக்கத்தில் கத்துவார், வியர்த்துப்போய் எழுந்து உட்காருவார். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று சொன்ன டாக்டர், முன்னாள் ராணுவத்தினருக்கு மனநல ஆலோசனை கொடுக்கும் ஓர் அம்மாவிடம் கோயம்புத்தூருக்கு அனுப்பிவைத்தார். சொந்தக்காரர்களிடம் வயிற்று வலிக்கு வைத்தியம் என்று சொல்லிவிட்டோம். வேறு எப்படிச் சொல்வது?

கொஞ்ச நாள் அவரிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்த அந்த அம்மா, ஒருநாள் என்னையும் உள்ளே கூப்பிட்டார். "இவருகிட்ட உங்களுக்குப் பிடிக்காதது எதுங்க? மனசுல இருக்கறதை மறைக்காம சொல்லுங்க" என்றார்.

கேட்டதுதான் தாமதம், கார்க் கதையை மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன். அந்த அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "வண்டி ரிவர்ஸ்ல வர்றப்ப உங்களுக்கு என்னங்க ஆகுது?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மலைங்க. மழை. நான் பின்னால நின்னு கை காட்டுனேன். நான் வா வான்னேன், அவன் வந்தான். ஓரம் சரிஞ்சுபோச்சுங்க."

ஓட்டியவர் அவருடைய உயிர்ச் சிநேகிதர். லாரியோடு பள்ளத்தில் போய்விட்டார். மழையில் மண் இளகியிருந்தது, இவர்மேல் தப்பில்லை என்று விசாரணையிலேயே சொல்லிவிட்டார்களாம். கை காட்டிய மனிதருக்கு அந்தத் தீர்ப்பு போதவில்லை. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மா ஒரு பயிற்சி கொடுத்தார். மனசு பழைய இடத்துக்கு ஓடும்போது, இப்போது எங்கே இருக்கிறோம், என்ன கிழமை, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதோடு, தெருவில் வண்டிகள் ரிவர்ஸ் வருவதை விலகாமல் நின்று பார்க்க வேண்டும். இவர் வீட்டிலேயே பழகினார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருப்பேன், பின்னால் குரல் கேட்கும்: "இது கருமத்தம்பட்டி. இன்னைக்குச் செவ்வாக்கிழமை. அது என் சம்சாரம்."

"இன்னைக்காச்சும் தெரிஞ்சுதுங்களே. சட்னி எடுத்து வைங்க" என்பேன். நிற்கப் பழகிவிட்டார். கை மட்டும் தூக்க வரவில்லை.

இந்த நிலைமையில்தான் தாளவாடியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். அதே கோடு போட்ட கார், அண்ணன் ஓட்டுகிறார், இவர் முன்சீட்டில், நான் பின்னால். மலை ஏறி, ஒரு வளைவில் அப்படியே நின்றுவிட்டோம். மேலிருந்து இறங்கிய லாரி பாதி திரும்பி நிற்கிறது. எங்களுக்கு முன்னால் ஏறிய வேன் அவசரப்பட்டு வளைவுக்குள் மூக்கை நுழைத்துவிட்டது. வேன் பின்னால் வந்தால்தான் லாரி திரும்ப முடியும். வேனுக்கு இடப்பக்கம் பள்ளம், அந்த இடத்தில் தடுப்புச் சுவரும் பெயர்ந்து கிடந்தது. கோயிலுக்குப் போகிற பெண்களும் குழந்தைகளுமாக வேன் நிறைய ஆட்கள். மழை வேறு.

ஆளாளுக்கு இறங்கி, ஒருத்தர் லெப்டில் ஒடி என்கிறார், இன்னொருத்தர் ரைட்டில் ஒடி என்கிறார். வேன் டிரைவர் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் கொஞ்சம் நகர்த்த, பின்சக்கரம் சேற்றில் வழுக்கிப் பள்ளத்துப் பக்கம் போனது. உள்ளே இருந்த குழந்தைகள் அலறினார்கள். எனக்கு வேனைவிட என் வீட்டுக்காரர் மேல்தான் கண். கழுத்து விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, நீங்க அங்க பாக்காதீங்க" என்றேன். அவர் கதவைத் திறந்துவிட்டார்.

"எல்லாரும் சத்தத்தை நிறுத்துங்க. ஒருத்தர்தான் சொல்லோணும்." அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை. முதலில் வேனில் இருந்தவர்களை எல்லாம் மலைப்பக்கமாக இறக்கினார். அண்ணனைக் காரைப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார். அப்புறம் ரோட்டோரம் நெடுக குதிகாலால் ஓங்கி மிதித்து மிதித்து மண்ணைச் சோதித்தார். மண் கெட்டியாக இருந்த இடம்வரை கல்லை எடுத்து வரிசையாக வைத்தார். "இந்தக் கல்லுக்கு அந்தப்பக்கம் சக்கரம் வரக் கூடாது. நான் சொன்னாத்தான் எடுக்கோணும்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு வேனுக்குப் பின்னால் போய் நின்றார்.

கையைத் தூக்கினார். நெஞ்சுவரை வந்த கை அங்கேயே நின்றுவிட்டது.

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் எங்கே போய்விட்டார் என்று அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தானே தெரியும். இன்றைக்கு இந்தக் கை இறங்கினால் இனி எப்போதும் ஏறாது என்று பட்டது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "சொல்லுங்க சார், சொல்லுங்க" என்கிறார். நான் காரை விட்டு இறங்கி மழையில் அவர் கண்ணுக்குப் படுகிற இடத்தில் போய் நின்றேன்.

அப்போது சத்தமாகச் சொன்னார்: "இது திம்பம் ரோடு."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. அந்தா, மழையில நனைஞ்சுட்டு நிக்கறது என் சம்சாரம்."

வேன் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "சார், அம்மணிக்கு என் வணக்கமுங்க. இப்ப வண்டிய எடுக்கட்டுங்களா, வேண்டாங்களா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இவரும் சிரித்துவிட்டார். சிரித்த சிரிப்பிலேயே கை மேலே போனது. "வரட்டும்... வரட்டும்... லேசா ரைட்ல ஒடிங்க... நேர் பண்ணுங்க... வரட்டும்..." கல்லை ஒட்டியே சக்கரம் உருண்டு வந்தது. கல் வரிசை முடிகிற இடத்தில் உள்ளங்கையைக் காட்டி, "போதும்" என்றார். வேன் நின்றது. லாரி ஒரே வளைப்பாக வளைத்து இறங்கிப் போனது. லாரிக்காரர் போகிறபோக்கில் இவருக்கு ஒரு சல்யூட் அடித்தார். நான் நடுரோட்டில் நின்று ஓவென்று அழுதேன்.

கார் கிளம்பிச் சில வளைவுகள் ஏறினோம். அப்புறம் அண்ணன்தான் ஆரம்பித்தார். "ஏனுங் மாப்ள, இவ்வளவு தெரிஞ்சவரு அன்னைக்கு நம்ம கார் வந்தப்ப..."

"அவருக்கு அப்ப வயித்து வலிங்கண்ணா" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"வயித்து வலியெல்லாம் இல்லீங்க மச்சான்" என்றார் இவர். "நான் கவுன்சிலிங் போயிட்டிருக்கறனுங்க. மனசுக்கு." பிறகு அவராகவே எல்லாவற்றையும் சொன்னார். தாளவாடி வந்த பிறகும் அண்ணன் காரை விட்டு இறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் எங்களைக் கொண்டுவந்து விட்டபோது, வழக்கமாகத் தெருவிலேயே நிறுத்தும் அண்ணன் காரைத் திருப்பினார். பின்பக்கத்தை எங்கள் கேட்டுக்கு நேராக வைத்துக்கொண்டு, "மாப்ள, கொஞ்சம் பின்னால பாத்துச் சொல்லுங்க" என்றார். இவர் போய் நின்றார். தூண் தப்பித்தது.

அடுத்த வாரம் கோயம்புத்தூர் அம்மாவிடம் சொன்னபோது, "கை காட்டற பயிற்சியில நாம இன்னும் சைக்கிளுக்கே வரலைங்களே, நீங்க நேரா வேனுக்குப் போயிட்டீங்க" என்று சிரித்தார். இது முடிந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம் என்றும் சொன்னார். இவர் இன்னும் போகிறார். சில நாள் இன்னும் கத்திக்கொண்டுதான் எழுகிறார். யார் கேட்டாலும் கவுன்சிலிங் போவதாகவே சொல்கிறோம்.

ஆனால் இப்போதெல்லாம் எங்கள் தெருவில் யார் வீட்டு வண்டி பின்னால் வந்தாலும் "வரட்டும், வரட்டும்" என்று என் வீட்டுக்காரரின் குரல்தான் கேட்கிறது. கேட்டதும் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடி, தூக்கிய அந்தக் கையை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் நான் மறுவேலை பார்க்கிறேன்.