கண்ணாடியில் பேசியவர்

சலூன்காரர் கடையை மூடிப் பல வருடங்களாகிவிட்டன. கடையிலிருந்த பெரிய கண்ணாடி மட்டும் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. மனைவி அதன் முன் நின்று தலை வாரும்போதெல்லாம் அவருக்கு அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்துவிடும்.

அந்தக் காலத்தில் கடையில் அவர் வாய் ஓயாது. கத்திரி நின்றாலும் பேச்சு நிற்காது. வீட்டுக்கு வந்தாலோ 'ம்', 'ஊஹூம்' இரண்டோடு சரி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி, ஒருநாள் அவரைக் குடும்ப ஆலோசகரிடம் இழுத்துப் போனாள். அங்கே மனைவிக்கு எதிரே உட்கார வைத்ததும், மனிதர் வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல் ஆகிவிட்டார்.

"கடையில மட்டும் எப்படிப் பேச முடியுது?" என்று கேட்டார் ஆலோசகர்.

"அங்க நான் பின்னால நிப்பேம்மா. யாரா இருந்தாலும் கண்ணாடியில பாத்துத்தான் பேசுவோம்."

"அப்போ இவங்களையும் அப்படியே உக்கார வச்சுப் பாருங்களேன்."

கடைக்கு விடுமுறை வந்தது. மனைவியைக் கடைக்கு அழைத்துப் போய்ச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டைப் போர்த்தினார். பழக்கதோஷம், "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"யாருக்குத் தெரியும்? எங்க வீட்டுக்காரர்தான் வாயே திறக்கறதில்லையே" என்றாள் கண்ணாடியில் அவரைப் பார்த்து.

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே அவள் கொண்டையை அவிழ்த்தவரின் கை அப்படியே நின்றது. ஊரார் தலையெல்லாம் அவருக்கு அத்துப்படி. இந்தத் தலையை மட்டும் பார்க்கவேயில்லை.

"இவ்வளவு நரை எப்ப விழுந்துச்சு உனக்கு?"

"நீங்க இப்படிக் கேப்பீங்கன்னுதான் சாயம் அடிக்காம வச்சிருந்தேன்."