ஐந்தடி நகர்ந்த கல்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு ஒரு முந்திரிக் கொல்லை. அதற்குள் வண்டி போகக் கிழக்கு ஓரத்தில் ஐந்தடிப் பாதை ஒன்றுதான். அதற்காக ஆறு வருஷமாகக் கோர்ட்டுக்கு அலைகிறேன். பாதையை அடைத்திருப்பவன் கிழக்குக் கொல்லைக்காரன், என் சித்தப்பா மகன்.

தப்பு என்னுடையதும்தான். எங்கள் கிழக்கு மூலையில் இருந்த சர்வே கல்லை எல்லைச்சாமி என்று வெள்ளிதோறும் மஞ்சள் பூசிக் கும்பிட்டு வந்தேன். டிராக்டர் அதன்மேல் ஏறி இறங்குவதும், நாய் காலைத் தூக்குவதும் எனக்குப் பொறுக்கவில்லை. ஓர் ஆடி வெள்ளியில் கல்லைப் பெயர்த்து, ஐந்தடி மேற்கே, என் வேப்பமரத்தடியில் மேடை கட்டி நட்டுவிட்டேன். அன்று மறுமுனையைப் பிடித்துத் தூக்கியவன் இந்தத் தம்பிதான். பொங்கலும் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

பிறகு ஒருநாள், கல் வரைக்கும் தன் இடம் என்று முள்வேலி போட்டுவிட்டான். என் பாதை வேலிக்குள் போய்விட்டது.

கேஸ் போட்டேன். ஒருநாள் நீதிபதி லீவு, ஒருநாள் அவன் வக்கீல் வரவில்லை. வராந்தாவில் கால் கடுக்க நின்று, அடுத்த வாய்தா தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவேன்.

ஒருவழியாகக் கோர்ட் அனுப்பிய கமிஷனர் வக்கீலும் சர்வேயரும் வந்தார்கள். சிமெண்டு மேடையைப் பார்த்ததுமே சர்வேயர் உதட்டைப் பிதுக்கினார். பெயர்த்து நட்ட கல்லிலிருந்து அளக்க முடியாது, அடுத்த கல்லைக் காட்டுங்கள் என்றார். அது கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டுக்குள் எங்கேயோ கிடக்கிறது. மத்தியானம் வரை தேடியும் அகப்படவில்லை.

"தம்பி, நீயுந்தானப்பா ஒரு பக்கம் புடிச்ச. சொல்லேன்" என்றேன்.

அவன் கமிஷனரைப் பார்த்துச் சிரித்தான். "சாமி வந்து ஒக்காந்த எடத்தப் பத்தி எனக்கென்னங்க தெரியும்? அண்ணன்தான் பூசாரி, அவரையே கேளுங்க."

கமிஷனர் முன்னால் நான் வாயை விட்டதற்கு என் வக்கீல் திட்டினார். சர்வே கல்லைத் தொட்டதே குற்றமாம். எந்தப் பக்கமிருந்து நகர்த்தினேன் என்பதற்கு ருசுவும் கிடையாது. கூண்டில் கேட்டால் தெரியாது என்று சொல்லச் சொன்னார்.

போன மாதம் கூண்டில் ஏறினேன். கடவுள் சத்தியமாக உண்மையே சொல்கிறேன் என்று சொன்ன வாயால் எப்படித் தெரியாது என்பது? அவன் வக்கீல் கேட்டதும் சொல்லிவிட்டேன்.

"நாந்தாங்க நகட்டுனேன். மறுபக்கம் புடிச்சது இந்தா நிக்கிற என் தம்பி."

நான் சொன்னதைத் தட்டச்சு செய்துகொண்டு, இன்னொரு வாய்தா கொடுத்தார்கள். வெளியே வந்ததும் என் வக்கீல், "கெடுத்துட்டீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

இப்போது முந்திரி மூட்டையைத் தலையில் வைத்துக் கண்மாய்க்கரை சுற்றித்தான் கொண்டுவருகிறேன். வேலியை ஒட்டி நிற்கிற அந்தக் கல்லுக்குப் போன வெள்ளிக்கிழமையும் சூடம் கொளுத்தினேன். கை கூப்ப மனம் வரவில்லை. "அன்னைக்கு நீயுந்தானே பாத்துக்கிட்டு இருந்த" என்று கேட்டுவிட்டு மூட்டையைத் தூக்கினேன்.