கண்ணாடிப் பூ வாங்கிய நாள்

படிப்பவரே, பிராக் நகரத்துக்கு நீங்கள் எங்களோடு வரவில்லை. ஆயினும் அன்று அங்கே நடந்தவற்றுக்கு உங்களைத்தான் சாட்சியாக அழைக்கிறேன். அங்கிருந்த ஐவரில் நால்வர் ஒரே குடும்பத்தினர். குடும்பத்தார் சாட்சியம் எந்த அவையிலும் எடுபடாது. ஐந்தாமவர் யார் என்பதுதான் வழக்கே. ஆகையால் வெளியாளாகிய நீங்கள் சற்றே முன்னால் வந்து நிற்க வேண்டும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் வீடு செண்பகனூரில். அப்பா கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுகிறவர். தூண் பாறை, பைன் காடு, ஏரி என்று காட்டி வருகையில் மழை பிடித்துக்கொண்டால், வண்டியை ஒரு சாக்லேட் கடை வாசலில் நிறுத்திவிடுவார். எதிரில் நிற்பவர் முகமே தெரியாத மூடுபனியில் வந்தவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்? வாங்குவார்கள். வாங்கியதில் கடைக்காரர் அப்பாவுக்கும் ஒரு பங்கு ஒதுக்குவார். ஊர் முழுதும் அறிந்து, ஊர் முழுதும் ஒப்புக்கொண்ட வழக்கம் அது. அந்த அனுபவத்திலிருந்து அப்பா உலகம் முழுமைக்கும் பொருந்தும் கொள்கை ஒன்றை வகுத்து வைத்திருந்தார்: ஊர் சுற்றிக் காட்டுகிறவர் அழைத்துப்போகும் கடையில் எதையும் வாங்கக் கூடாது.

அம்மாவின் தம்பி, என் மாமா, பிராக்கில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார். பெற்றோர் காலமான பிறகு அவருடைய படிப்புக்கும், வேலைக்கும், கடல் கடந்து போனதற்கும் ‘சரி’ என்று சொன்ன ஒரே பெரியவர் என் அம்மா. அந்த மே மாத விடுமுறையில் டிக்கெட் எடுத்து அனுப்பி எங்கள் மூவரையும் மாமா வரவழைத்தார். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, அவர் வீட்டு வாசலில் மஞ்சள் மழைக்கோட்டும் நீண்ட குடையுமாக அந்த ஊர் இளம்பெண் ஒருவர் நின்றிருந்தார்.

“தெரிஞ்சவங்க. இன்னைக்கு நமக்கு ஊரச் சுத்திக் காட்டப் போறாங்க,” என்றார் மாமா.

“கைடுன்னு சொல்லு மாப்ள,” என்று அப்பா முடித்துவைத்தார். மாமா மறுக்கவில்லை.

சாட்சி இருட்டில் நிற்கலாகாது. உண்மையை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். மாமா மணந்துகொள்ள விரும்பிய பெண் அவர். அக்காவின் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று மாமா அவரிடமே சொல்லியிருந்தார். பொழுது சாய்வதற்குள் அம்மாவிடம் பேசிவிடுவதென்று இருவரும் உறுதிசெய்துகொண்டுதான் அன்று வெளியே கிளம்பினார்கள். அம்மாவும் ஓர் உறுதியோடுதான் விமானம் ஏறியிருந்தாள். பாச்சலூரில் ஒரு பெண், நல்ல குடும்பம், போட்டோ அம்மாவின் செல்போனில் இருந்தது, ஆவணியில் நாள் பார்க்கலாம் என்று வாக்கும் கொடுத்தாயிற்று. இவற்றில் எதுவும் எனக்குத் தெரியாது. எங்களுக்கென்று ஒரு வழிகாட்டி கிடைத்திருக்கிறார் என்ற பெருமை ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

பழைய நகரத்தின் சதுக்கத்தை நாங்கள் அடைந்தபோது வானம் கறுத்திருந்தது. எங்கள் ஊரில் மேகம் வீட்டு வாசல்வரை இறங்கி வரும். இங்கே கட்டடம் மேகம்வரை ஏறிப் போயிருந்தது. கோபுரங்களின் கூர்நுனிகள் எங்கே முடிந்தன என்று தெரியவில்லை. கல் பாவிய தரை, காலங்காலமாக நடந்தவர்களின் பாதங்களால் வழவழப்பாகி, அந்த மங்கலிலும் மினுங்கியது. நான் வாயைத் திறந்தவன் மூடவில்லை.

அங்கே ஒரு கடிகாரம் இருந்தது. சூரியனும் சந்திரனும் ராசிகளும் அதன் முகத்தில் சுழன்றன. மணி நெருங்கியதும், அண்ணாந்து நின்ற கூட்டம் பேச்சை விட்டது. எலும்புக்கூடு ஒன்று கயிற்றை இழுத்து மணியடித்தது. மேலே சிறு சன்னல்கள் திறந்தன. இயேசுவின் திருத்தூதர்கள் பொம்மைகளாக ஒருவர்பின் ஒருவராக வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் பொற்சேவல் கூவிற்று. அப்போது அந்தப் பெண் எனக்குப் புரியும்படி, சொல் சொல்லாக, ஆங்கிலத்தில் கூறினார்: இந்த ஊரை ஆண்டவர்கள் பலர், வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், இந்த மணி எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் அடித்தது.

சொல்லிவிட்டு நிறுத்தினார். பின்னாளில் மேடைகளில் நிற்கப் பழகியபோது, அந்த நிறுத்தத்தை என் பேச்சுக்குள் கொண்டுவர எவ்வளவோ முயன்றிருக்கிறேன். அன்று அவர் நிறுத்தியது எனக்காக இல்லை. ‘இப்போது சொல்’ என்று மாமாவுக்குக் கண்ணால் காட்டுவதற்காக. மாமா தொண்டையைச் செருமினார்.

“அக்கா, ஒரு விசயம்...”

“நானும் அதத்தான் சொல்ல வந்தேன். பாச்சலூர்ப் பொண்ணுக்கு இந்தக் கடியாரத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கடியாரத்த மட்டும் அனுப்பிறாத, நீயும் நில்லு.”

மாமா நின்றார். செல்போனை வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்தவர் அந்தப் பெண்.

அடுத்து ஒரு நூல்பொம்மைக் கடைக்குள் நுழைந்தோம். அரசர்களும் சூனியக்காரிகளும் சமையல்காரர்களும் கூரையிலிருந்து தொங்கினார்கள். வெளியே காற்று எழ, வாசல் வழியே வந்த ஒரு வீச்சில் அத்தனை பேரும் கைகால் அசைத்தார்கள். அந்தப் பெண் ஓர் அரசியைக் கீழே இறக்கி, நூல்களை இழுத்து, அம்மாவுக்கு முன்னால் இரு கை கூப்பிக் கும்பிட வைத்தார். அம்மா சிரித்தேவிட்டாள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று மாமா கண்டுகொண்டார்.

“அக்கா, இவங்க வந்து...”

அதற்குள் அப்பா மாமாவின் தோளைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். “வா மாப்ள, வெளிய. அந்தப் பொண்ணு நொழைஞ்சதுமே கடைக்காரம்மா பேரச் சொல்லிக் கூப்புட்டுச்சே, கவனிச்சியா? எல்லாம் ஏற்பாடு.”

“மச்சான், அவங்களுக்கு இதுதான் ஊரு. தெரிஞ்சுதான இருக்கும்?”

“எனக்கு எங்க ஊரு சாக்லேட் கடை தெரியாதாக்கும்? பாவம், அதுவும் பொழைக்கணும்ல. கோவிச்சுக்காத. வாங்காம நகந்துருவோம், அம்புட்டுதான்.”

பிறகு அந்தப் பெண்ணிடமே போய், ஒரே தொழிலில் இருப்பவர்களுக்குள் உள்ள அன்போடு, சீசன் எப்படி என்று தம் ஆங்கிலத்தில் விசாரித்தார். அவர் விழித்துவிட்டு, வானத்தை ஒருமுறை நோக்கி, இன்று மோசம் என்றார். அப்பா என் பக்கம் திரும்பினார். “பாத்தியாலே, எல்லா ஊர்லயும் இதே கததான்.”

இவ்வாறாகக் கடை கடையாக ஏறி இறங்கினோம். கையில் ஒரு பொருளும் இல்லை. மாமாவின் வாயிலும் அந்த ஒரு வார்த்தை ஏறவில்லை.

புயல் எங்களைப் பழைய கல்பாலத்தின் நடுவில் பிடித்தது. பாலத்தின் இரு மருங்கும் கருத்த கல்லில் புனிதர்களின் சிலைகள். ஒவ்வொரு மின்னலுக்கும் அவர்கள் இருளிலிருந்து எழுந்து, உயர்த்திய கைகளோடு எங்களைப் பார்த்து, மறுபடி இருளுக்குள் போனார்கள். கீழே ஆறு நுரைத்துக்கொண்டு ஓடியது. இடி கோபுரங்களில் மோதித் திரும்பி வந்தது. கொடைக்கானலில் இடி பள்ளத்தாக்கில் உருண்டு போய்விடும், இப்படித் திரும்பி வருவதில்லை. எனக்கு அச்சம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அச்சத்தைவிடப் பெரிய ஒன்று என்னை அங்கேயே நிற்கச் சொன்னது.

“மேகம் எறங்கிருச்சு, வெரசா வாங்க,” என்று அப்பா என்னைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு ஓடினார். மாமா வீட்டிலிருந்து எடுத்துவந்த பைகளோடு ஓடினார். பாலத்து முனையில் இருந்த கோபுர வாயிலுக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தால், அம்மா வரவில்லை. சேலைக்குள் காற்று புகுந்து அவளை ஆற்றுப் பக்கம் தள்ள, ஒரு சிலையின் பீடத்தைக் கட்டிக்கொண்டு, அடி எடுத்துவைக்க முடியாமல் நின்றுவிட்டாள். அப்பா திரும்பி ஓடுமுன் அந்தப் பெண் ஓடிவிட்டார். பிய்ந்துபோன குடையை வழியிலேயே போட்டார். மழையின் இரைச்சலையும் மீறி அவர் குரல் எங்களுக்குக் கேட்டது.

“மதினி, கையப் புடிங்க. மதினி, கையப் புடிங்க.”

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தன் கணவனின் அக்காவை அழைக்கும் முறை அது. நான் வியந்துபோனேன். எங்கள் ஊரிலும் கைடுகள் வடக்கே இருந்து வருகிறவர்களை ‘பாபிஜி’, அதாவது அண்ணி, என்று அழைத்து மனத்தைக் கரைப்பதுண்டு. ஆனால் செண்பகனூர்க்காரிக்கு ‘மதினி’ என்று கண்டுபிடித்துக் கூப்பிடும் அளவுக்குத் தொழில் கற்ற ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை.

தம் மஞ்சள் கோட்டை அம்மாவுக்குப் போர்த்தி, அணைத்தபடி அவர் வாயிலுக்குள் கொண்டுவந்து சேர்த்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கீழே குந்தி, நீர் சொட்டிய சேலைக் கரையைப் பிழியத் தொடங்கினார். அம்மா குனிந்து அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டா, இந்த வார்த்தைய நீதான் சொல்லிக் குடுத்தியா?”

“ஆமாக்கா.”

“எப்பருந்து?”

“போன தையிலருந்து.”

“அப்ப இம்புட்டு நாளும் போன்ல எங்கிட்ட குளிரு, மழைன்னே பேசிக்கிட்டுக் கெடந்திருக்க.”

மாமா தரையைப் பார்த்தார்.

“பாச்சலூர்க்காரங்க மொகத்துல நான் எப்படிடா முழிப்பேன்?”

சேலை பிழிந்துகொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. இரண்டொரு தமிழ்ச் சொல்லே தெரிந்தவருக்கும் தம்மைப் பற்றிய பேச்சு தெரிந்துவிடும் போலும்.

அப்பா ஒருவர்தான் நானிருந்த நிலையிலேயே இருந்தார். பர்ஸைத் திறந்தார். “தொப்பலா நனைஞ்சிருச்சு, பாவம். டிப்ஸு கொஞ்சம் கூடவே குடுத்துருவோம்.”

“அத உள்ள வைங்க,” என்றாள் அம்மா.

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பர்ஸை உள்ளே வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஊரிலிருந்து போட்டுவந்த குரங்குக் குல்லாயையும் கழற்றிக் கையில் மடித்து வைத்துக்கொண்டார்.

அம்மா வாயிலை ஒட்டியிருந்த ஒரு நினைவுப்பொருள் கடைக்குள் தனியே போனாள். யாரும் அழைத்துப்போகாமல் அவளே நுழைந்த ஒரே கடை அது. கண்ணாடிக்குப் பின்னே, மஞ்சள் கோட்டில், கடிகாரப் பொம்மைகளையும் தட்டுகளையும் மணிமாலைகளையும் கடந்து மெல்ல நடந்தாள். மாமா தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போல் சுவரோடு சுவராக நின்றார். அந்தப் பெண் அவர் அருகில் போகாமல், எதிர்ச் சுவரோடு நின்றார்.

திரும்பி வந்த அம்மாவின் உள்ளங்கையில் ஒரு கொண்டை ஊசி இருந்தது. அதன் தலையில், அந்த நாட்டார் வார்க்கும் கண்ணாடியில், வெள்ளையாக ஒரு பூ.

“குனிம்மா,” என்றாள்.

அந்தச் சொல் அவருக்குத் தெரியாது. ஆயினும் குனிந்தார். கழுத்தளவே இருந்த ஈரக் கூந்தலில் ஊசி நிற்கவில்லை. அம்மா பொறுமையாக முடியைக் கோதிச் சேர்த்து, காதுக்கு மேலே அழுத்தி, அந்தப் பூவை வைத்தாள். வெளியே மின்னல் வெட்டிற்று. பூவுக்குள்ளும் ஒன்று வெட்டிற்று. மாமா ஆற்றைப் பார்க்கத் திரும்பிக்கொண்டு, மழைநீர் படாத இடத்தில் நின்றபடி முகத்தைத் துடைத்தார்.

ஒரு பெண்ணை உறுதிசெய்யும்போது மாப்பிள்ளையின் அக்கா வந்து பூ வைப்பாள் என்பது எனக்குத் தெரியாததன்று. அத்தகைய சடங்குகளில் இனிப்புத் தட்டுக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்து அமர்ந்தவன் நான். ஆனால் அங்கெல்லாம் மல்லிகை இருக்கும், தாம்பூலம் இருக்கும், உட்காரச் சமுக்காளம் இருக்கும். இடியும் மின்னலும் இருந்ததில்லை. ஆகவே அம்மா கைடுக்கு டிப்ஸைப் பொருளாகக் கொடுத்திருக்கிறாள் என்று முடிவுசெய்தேன். அதிலும் எனக்கு ஓர் ஆட்சேபம் இருந்தது. நினைவுப்பொருள் என்பது வந்தவர் வாங்கிக் கொண்டுபோவதற்கு. அதை வாங்கி, அந்த ஊர்க்காரருக்கே கொடுத்துவிட்டு, நாம் வெறுங்கையோடு போவது எந்த நியாயம்?

எனினும் அவ்வளவு சிறந்த வழிகாட்டிக்கு எங்கள் சார்பில் ஒரு நன்றியுரை இல்லாமல் போகக் கூடாது என்று தோன்றிற்று. பெரியவர்கள் நால்வரும் பேச்சற்று நின்றார்கள். யாரோ ஒருவர் பேசித்தான் ஆக வேண்டும். கோபுர வாயிலில் ஓர் உயரமான கல் கிடந்தது. அதன்மேல் ஏறினேன். என் வாழ்வின் முதல் மேடை அது. மாமா மொழிபெயர்ப்பார் என்ற நம்பிக்கையில், மழைக்கும் கேட்கும்படி, என் வாக்குறுதியை உரத்த குரலில் அறிவித்தேன்:

“நீங்க எங்க ஊருக்கு ஒரு தடவ வாங்க. எல்லா எடமும் நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். சாயங்காலத்துக்குள்ள உங்கள பத்திரமா உங்க ஊருக்கே திருப்பி அனுப்பி வைக்கிறது என் பொறுப்பு.”