பதினோரு நாளும் வந்த வசனம்

ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் லைன் வீட்டு வரிசையில் பக்கத்து வீடு ஏசுபாதம் அண்ணனுடையது. மனைவி கர்த்தரிடம் போய் இரண்டு வருஷம். பிள்ளை இல்லை. வாட்ச்மேன் வேலையும் நின்றுபோனதும், செல்போனில் பாடம் பார்த்து கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதப் பழகினார்.

முதலில் எழுதியது பைபிளிலிருந்து வாக்குத்தத்த வசனம் எடுக்கிற புரோகிராம். புது வருஷத்தில் சபையில் கண்ணை மூடி வசன அட்டை ஒன்று எடுத்து, ஆண்டவர் நமக்கென்று தந்த வாக்கு என்று வைத்துக்கொள்வோமே, அதுபோல. அறுபது வசனங்களுக்கு நம்பர் போட்டு வைத்தார். திறந்தால் அதுவே ஏதோ ஒரு நம்பரை எடுத்து அந்த வசனத்தைக் காட்டும்.

தினம் காலையில் ஜெபித்துவிட்டு ஒருமுறை திறப்பார். பதினோரு நாளும் நாற்பத்தொன்றுதான் வந்தது. தனியாய் இருக்கிறவனை ஆண்டவர் தனியே விடமாட்டார் என்கிற வசனம். ஞாயிறு ஆராதனையில் எழுந்து இதைச் சாட்சியாகச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் ஆனி வந்தாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்கு தினம் ரயிலில் போய்வருகிற பெண்.

“அங்கிள், எழுதினத காட்டுங்க.”

“தப்பு இருந்தா சொல்லும்மா” என்று சந்தோஷமாகச் செல்போனைக் கொடுத்தார்.

“நல்லாதான் எழுதிக்கிறீங்க. மேல இந்த வரி இன்னாத்துக்கு?”

“பாடத்துல இருந்துச்சு. அப்படியே போட்டேன்.”

“படிக்கிறவங்க எல்லாருக்கும் ஒரே விடை வரட்டும்னு அத வைக்கிறாங்க. அது இருந்தா எப்ப தொறந்தாலும் அதே நம்பர்தான். ரெண்டாந்தரம் தொறந்து பாக்கலியா?”

“ஒருதரம் எடுத்தப்புறம் இன்னொரு அட்டை எடுப்பியா நீ? அது அவிசுவாசம் இல்லியா?”

ஆனி சிரித்துக்கொண்டே மூடித் திறந்தாள். நாற்பத்தொன்று. என் கையில் கொடுத்தாள். எனக்கும் நாற்பத்தொன்று.

“அப்போ எனக்குன்னு வந்தது இல்லியா?” என்றார் அண்ணன்.

அவள் சிரிப்பு நின்றது. “வசனம் பொய் இல்லியே அங்கிள்” என்றாள் மெதுவாக.

“அப்படியே வுட்டுடுங்கண்ணா” என்றேன் நான்.

“தெரிஞ்சப்புறம் எப்படிம்மா வுடறது?” என்று அந்த வரியை அவரே அழித்தார்.

மறுநாள் காலை நானும் ரயிலில் வேலைக்குக் கிளம்பும்போது அண்ணன் வீட்டில் எட்டிப் பார்த்துக் கேட்டேன். “இன்னிக்கு இன்னா வந்துச்சு?”

“பன்னெண்டு.” சாப்பாட்டுப் பந்தியைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள் என்கிற வசனம். அவர் முன்னே ஒரு தட்டு, இரண்டு இட்லி.

“உக்காரும்மா, ஒண்ணு சாப்டு” என்றார். ரயிலுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டுப் போனேன். அடுத்த ரயிலும் இருந்தது.